பிள்ளையைக் கொண்டுபோகக் கேரியரா, தள்ளுவண்டியா? முதலில் வீட்டுப் படியை எண்ணுங்கள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க 43 படிகள். மேலே இருக்கிற 12 மட்டும் கொங்கிரீட். மற்றதெல்லாம் மண்ணை வெட்டிக் கல் பதித்தவை. ஜூன் மழையில் அந்தக் கல்லில் பாசி ஏறிவிடும். மகள் பிறந்த மாதம், கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி ஆசையாசையாக ஒரு தள்ளுவண்டி அனுப்பிவைத்தான். பெரிய சில்லு, மெத்தை, மழைக்கு மூடி என்று எல்லாம் இருந்தது. இரண்டாம் மாத ஊசிக்குக் கிளினிக் போகும் காலையில் வண்டியை வாசலில் வைத்துக்கொண்டு படியைப் பார்த்தேன். அதை இறக்க இரண்டு பேர் வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொள்ள மூன்றாவது ஆள் வேண்டும். வீட்டில் நானும் அப்பாயியும் மட்டும்தான். வண்டியை உள்ளே விட்டுவிட்டு, பிள்ளையைத் துவாயில் சுற்றி ஒரு கையால் நெஞ்சோடு அணைத்து, மறு கையில் குடையோடு இறங்கினேன். பாதி வழியில் கால் ஒருமுறை சறுக்கியது. விழவில்லை. ஆனால் எதையாவது பிடித்துக்கொள்ள ஒரு கைகூட மிச்சமில்லை என்பது அந்த நொடியில்தான் உறைத்தது.

அன்றிலிருந்து, முதல் பிள்ளைக்குச் சாமான் வாங்கப் போகும் தோழிகள் யார் யோசனை கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "ஒங்க வாசல்லருந்து பஸ் ஏறுற எடம் வரைக்கும் எத்தன படி புள்ள?" நிறம், விலை, பெயர் எல்லாம் அதற்குப் பிறகு. இலங்கையின் மலைநாட்டில் பிள்ளையை எதில் கொண்டுபோவது என்பதைக் கடையல்ல, நீங்கள் நடக்கிற பாதைதான் முடிவு செய்கிறது.

கேரியருக்கும் தள்ளுவண்டிக்கும் உள்ள வித்தியாசம் எளிது. கேரியர் என்பது பிள்ளையை உங்கள் உடம்போடு சேர்த்துக் கட்டும் துணி, அல்லது பட்டி வைத்துத் தைத்த பை. பிள்ளையின் பாரம் உங்கள் தோளுக்கும் இடுப்புக்கும் வரும். இரண்டு கையும் சும்மா இருக்கும். தள்ளுவண்டியில் பாரத்தைச் சில்லு சுமக்கும். ஆனால் இரண்டு கையும் வண்டியில் இருக்க வேண்டும். சமதரையில் வண்டி பெரிய உதவி. சரிவில் கணக்கு மாறுகிறது. வண்டி 10 கிலோ, ஆறேழு மாதப் பிள்ளை 7 கிலோ, பை ஒரு கிலோ என்று வையுங்கள், மொத்தம் 18 கிலோ. பத்தடி நடந்தால் ஓரடி இறங்கும் ரோட்டில் ஏறக்குறைய 1.8 கிலோ பாரம் எந்நேரமும் உங்கள் கையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். ஐந்தடிக்கு ஓரடி இறங்கும் குறுக்குப் பாதையில் அது மூன்றரைக் கிலோ. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. கை மழையில் நனைந்து, ஒரு கையில் குடையும் இருந்து, கால் சறுக்கினால் வண்டி பிள்ளையோடு போய்விடும்.

ஆகவே லயத்திலோ மலைச்சரிவு வீட்டிலோ இருப்பவர்களுக்கு என் யோசனை: கேரியரை முதலில் வாங்குங்கள். தள்ளுவண்டியைப் பிள்ளைக்கு ஆறு மாதமானதும் யோசிக்கலாம். வாங்காமலே விட்டாலும் குறைவில்லை.

எந்தக் கேரியர்?

அப்பாயி கேட்டார்: "புள்ளயத் தூக்க எதுக்குடி பை? நாங்க சீலையில கட்டிக்கிட்டுத் திரியலையா?" நியாயமான கேள்வி. கடையில் விற்கும் கேரியரே அப்படித் துணியில் பிள்ளை சுமந்த பெண்களிடம் கற்றுக்கொண்டதுதான். ஆன் மூர் என்ற அமெரிக்கத் தாதி 1960களில் ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் வேலை செய்தபோது, அங்குள்ள தாய்மார் பிள்ளைகளை முதுகில் துணியால் கட்டிச் சுமப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் பிள்ளைக்காகத் தன் அம்மாவோடு சேர்ந்து தைத்த பைதான் பிறகு கடைக்கு வந்த ஆரம்பகாலக் கேரியர்களில் ஒன்று.

சீலையில் கட்டலாம், ஆனால் எந்தச் சீலை, எப்படிக் கட்டு என்பது முக்கியம். தடித்த பருத்திச் சீலையில் பிள்ளையை நிமிர்த்தி, நெஞ்சோடு இறுக்கிக் கட்டுவது நல்ல சுற்றுத்துணிக்குச் சமம். நைலெக்ஸ், ஜோர்ஜெட் வேண்டாம்; முடிச்சு வழுகும். தொட்டில் மாதிரி தோளில் தொங்கவிட்டு, பிள்ளையை அதற்குள் சுருட்டிப் படுக்கவைப்பது வேண்டவே வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கடையில் கிடைப்பவற்றில், இழுபடும் சுற்றுத்துணி பச்சைப்பிள்ளைக்கு மிகவும் இதமானது. ஆனால் நீளம் ஐந்து மீற்றர் அளவில் இருக்கும். ரோட்டோரத்தில் கட்டினால் இரண்டு முனையும் சேற்றில் புரளும். வீட்டிலேயே கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். எட்டு ஒன்பது கிலோவுக்கு மேல் துணி தொய்ந்துவிடும். இரண்டு வளையம் வைத்த தோள்துணி மாட்டவும் கழற்றவும் நொடிதான் ஆகும்; ஆனால் பாரம் முழுக்க ஒரே தோளில் இறங்கும், தூரம் நடக்க முடியாது. பிள்ளை உட்கார ஒரு பலகை போல வைத்து வரும் இடுப்பு இருக்கைகள் இப்போது நிறைய விற்கிறார்கள். பிள்ளை தானாக உட்காரத் தொடங்கிய பிறகு வீட்டுக்குள் தூக்கிவைக்கச் சரி. பச்சைப்பிள்ளைக்கு அது ஆகாது, அந்தப் பலகை பிள்ளையை உங்கள் உடம்பிலிருந்து தள்ளியே வைக்கும்.

எனக்குப் பிடித்தது இடுப்புப் பட்டி வைத்த பக்கிள் கேரியர். காரணம் என் அம்மாவின் கழுத்து. அம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டினால் பாரம் முழுக்கத் தலையிலும் கழுத்திலும் இறங்கும். பின்னேரம் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அகலமான இடுப்புப் பட்டி அந்தப் பாரத்தை இடுப்பெலும்புக்கு மாற்றிவிடுகிறது. தோள்பட்டி பிள்ளையை உங்களோடு சேர்த்துப் பிடித்தால் போதும். இதற்கு இடுப்புப் பட்டியை முதலில், இறுக்கமாக, இடுப்பெலும்பின் மேல் கட்ட வேண்டும். தளர்வாகக் கட்டினால் எல்லாப் பாரமும் தோளுக்கே வந்து சேரும்; பிறகு கேரியரே சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவோம். ஒப்பரேசன் செய்து பிள்ளை பெற்றவர்களுக்குப் பட்டி காயத்தில் அழுத்தும். காயம் ஆறும்வரை பொறுத்திருங்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

மூச்சு

இந்தக் கட்டுரையில் ஒரு பந்தியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பச்சைப்பிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்தில் பலமில்லை. மூச்சுக்குழாய் ஒடுக்கமானது, மென்மையானது. தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் பட்டால், தண்ணீர்க் குழாயை மடித்தது போல மூச்சுப் பாதை அடைபடும். பிள்ளைக்குத் தலையைத் தூக்கத் தெரியாது, அழக்கூட முடியாது. சத்தமே இல்லாமல் நடக்கும். துணிக்குள் சுருண்டு படுக்கவைக்கும்போது இதுதான் ஆபத்து. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு 2010 மார்ச்சில் தோள்துணிகள் பற்றி எச்சரிக்கை விட்டது: 20 வருடத்தில் குறைந்தது 14 பிள்ளைகளின் இறப்பு அவற்றோடு தொடர்பானது, அதில் 12 பிள்ளைகள் நான்கு மாதம் நிரம்பாதவர்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும், எடை குறைந்த பிள்ளைகளுக்கும் ஆபத்து இன்னும் கூட.

நான் கேரியரை முதன்முதலாகக் கட்டிக்கொண்டு எடை பார்க்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறது. வரிசையில் நின்றேன். மகள் நன்றாகத் தூங்குகிறாள் என்று எனக்குச் சந்தோசம். குடும்பநல மிஸ் (மருத்துவமாது) கடந்து போனவர் நின்று, ஒன்றும் பேசாமல் தன் இரண்டு விரலை மகளின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைக்கப் பார்த்தார். விரல் போகவில்லை. தலையை மெல்ல நிமிர்த்தி, தோள்பட்டியை இரண்டு இழுப்பு இழுத்து இறுக்கினார். மகள் ஒரு பெருமூச்சு விட்டாள். "தளர்வாக் கட்டுனா புள்ளைக்கு வசதின்னு நெனைக்கிறீங்க அம்மா. தளர்ந்தாத்தான் புள்ள உள்ளுக்குள்ள சரிஞ்சிரும்" என்றார். அந்தப் பெருமூச்சை நான் மறக்கவில்லை.

அவர் அன்று காட்டித் தந்ததை அப்படியே சொல்கிறேன். கட்டிய பிறகு குனிந்து பார்த்தால் முகம் முழுதாகத் தெரிய வேண்டும். மூக்கின் மேல் துணியோ உங்கள் சட்டையோ படக்கூடாது. உச்சந்தலை நீங்கள் குனிந்து முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே இரண்டு விரல் போக வேண்டும். முதுகு உங்களோடு ஒட்டி நிமிர்ந்திருக்க வேண்டும். உங்கள் கையைப் பிள்ளையின் முதுகில் வைத்து அழுத்தினால் பிள்ளை சுருண்டு போகக்கூடாது. தளர்வு கூடாது. பால் கொடுக்கக் கேரியரைத் தளர்த்தினால், கொடுத்து முடித்ததும் மறுபடி மேலே தூக்கி இறுக்குங்கள்.

எடையையும் பாருங்கள். நிறையக் கேரியர்களில் மூன்றரைக் கிலோவிலிருந்து என்று போட்டிருக்கும். தோட்டப்புறத்தில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நாட்டின் மற்ற இடங்களைவிட அதிகம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு அந்த எடை வரச் சில கிழமைகள் செல்லும். பிள்ளையின் கார்ட்டில் எழுதிய எடையையும் கேரியரின் லேபலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் தோலோடு தோல் படப் பிள்ளையை நெஞ்சில் வைத்திருக்கச் சொல்லிக்கொடுப்பது வேறு. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காருப் பராமரிப்பு அது. எடை குறைந்த பிள்ளைக்கு அது மருந்து மாதிரி. டாக்டரும் தாதியும் சொல்லும் முறையில் செய்யுங்கள். கடைக் கேரியர் அதற்குப் பதிலாகாது.

கால் விசயத்தில் அப்பாயி சொல்வதே சரி. பிள்ளையை இடுப்பில் வைத்தால் இரண்டு காலும் தவளைக் கால் போல விரிந்து, முட்டி பின்பக்கத்தைவிட உயர்ந்து நிற்கும். இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் தொடையெலும்பு சரியாகப் பொருந்தி வளர அந்த நிலைதான் நல்லது. கேரியரின் அடிப்பகுதி ஒரு முட்டியிலிருந்து மறு முட்டிவரை தாங்க வேண்டும். கால் இரண்டும் நேராகத் தொங்கும் ஒடுக்கமான பையை வாங்காதீர்கள்.

எந்த மாதத்தில் எப்படி?

நம் நாட்டில் ஊசிக்குப் போகும் மாதங்களே இதற்கு நல்ல அடையாளம். இரண்டாம் மாத ஊசிக்குப் பிள்ளை உங்களைப் பார்த்தபடி, நெஞ்சோடு நெஞ்சாக. நான்காம் மாதமும் அப்படியே. கழுத்து அப்போதுதான் நிற்கத் தொடங்கும். ஆறாம் மாத ஊசியை ஒட்டிப் பிள்ளை தானாக உட்காரத் தொடங்கினால் முதுகில் சுமக்கலாம். ஒன்பதாம் மாதம் அம்மை ஊசிக்குப் போகும்போது பாரம் கூடியிருக்கும். அப்போது முதுகுதான் வசதி. மாதத்தைவிடப் பிள்ளை என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். உட்காராத பிள்ளையை முதுகில் ஏற்ற வேண்டாம்.

முதுகுச் சுமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை முன்னால் இருந்தால் இறங்கும்போது உங்கள் கால் உங்களுக்குத் தெரியாது. 43 படியில் நான் இதை ஒவ்வொரு நாளும் உணர்ந்தேன். முன்னால் சுமக்கிற மாதங்களில் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கை கம்பியிலோ மண் சுவரிலோ இருக்க, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துவிட்டே அடுத்த படிக்கு இறங்குங்கள். செருப்பு வேண்டாம்; பிடிப்புள்ள சப்பாத்துப் போடுங்கள். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முட்டியை மடித்துக் குந்துங்கள், ஒரு கை பிள்ளையின் தலையில் இருக்கட்டும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அடுப்பில் வேலை செய்ய வேண்டாம், சுடுதேத்தண்ணியும் குடிக்க வேண்டாம். கட்டிக்கொண்டே மலையில் கொழுந்தெடுக்கப் போவதும் வேண்டாம். சரிவும் கூடையும் போதாதென்று மருந்தடித்த செடியும் அங்கே இருக்கும். அந்த நேரத்துக்கு, தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராதான் சரியான இடம்.

ஹோர்ட்டன் சமவெளிக்கோ சிவனொளிபாத மலைக்கோ போகிறவர்கள் உலோகச் சட்டம் போட்ட முதுகுக் கேரியரைக் கேட்கிறார்கள். உட்காரும் பிள்ளைக்குத்தான் அது. அதில் பிள்ளை உங்கள் உடம்புச் சூட்டிலிருந்து தள்ளியே இருக்கும். நீங்கள் ஏறி ஏறி வியர்ப்பீர்கள், பிள்ளை அசையாமல் இருந்து குளிரில் விறைக்கும். அடிக்கடி நின்று கையைப் பிடரியில் வைத்துப் பாருங்கள்.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் மலைநாட்டில் எதையும் சொல்லி முடிக்க முடியாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். பதுளை நகரம் 700 மீற்றருக்கும் கீழே. காலையில் மூடுபனியில் புறப்பட்டுப் பகலில் வெயிலில் போய் இறங்குவோம். ஆகவே ஒரே தடித்த உடுப்பைவிட, கழற்றக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடுப்பு நல்லது. கேரியர்த் துணியையும் ஓர் உடுப்பாகக் கணக்கில் சேருங்கள். உங்கள் உடம்புச் சூடும் இருக்கிறது. வெளியே தொங்கும் காலுக்கு நீண்ட மேஸ், தலைக்குத் தொப்பி. பிடரி இளஞ்சூடாக இருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றுங்கள். கைகால் சில்லிட்டிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எங்கள் பக்கம் கம்பளியை முகத்தோடு போர்த்திக் கொண்டுபோகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் முகத்தை மூடக் கூடாது. உங்கள் ஜக்கெட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டு, கழுத்துப் பக்கம் திறந்துவிடுங்கள். மழைக்காலத்தில் வீடு வந்ததும் மேஸைக் கழற்றி அட்டை ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கேரியர் கையை விடுவிக்கும், அவ்வளவுதான். விபத்தில் அது பிள்ளையைக் காக்காது. காரிலோ வேனிலோ போனால் பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் பிள்ளை இருக்கைதான் பாதுகாப்பு. ரயிலில் ஏறும் படி உயரம், கூட்டமும் அதிகம். கேரியர் அங்கே நன்றாக உதவும். ஆனால் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று மலை பார்க்காதீர்கள்.

தள்ளுவண்டி வாங்குகிறவர்களுக்கு

டவுனில் சமமான ரோட்டோரம் வீடு இருந்தால், அல்லது முதுகுவலி இருந்தால், வண்டி வாங்குவது நியாயம்தான். நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரை, கண்டி வாவியைச் சுற்றிய நடைபாதை, பேராதனைப் பூங்காவின் அகலமான பாதைகள் எல்லாம் வண்டிக்கு நல்ல இடங்கள். ஹக்கல பூங்கா சரிவு. அங்கே கேரியரே மேல்.

முதல் ஆறு மாதத்துக்குத் தட்டையாகச் சாயும் வண்டிதான் சரி. மூச்சைப் பற்றி மேலே சொன்ன அதே காரணம். குடை போல மடங்கும் இலகு வண்டியை 1965இல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன், விமானத்தின் சில்லுத் தொகுதிகளை வடிவமைத்த பொறியியலாளர். பஸ்ஸில் ஏற்ற அது வசதி, ஆனால் அதன் சின்னச் சில்லு கான் மூடியின் இடுக்கிலும் சல்லிக் கல்லிலும் மாட்டிக்கொள்ளும். காற்றடிக்கும் பெரிய சில்லு நம் ரோட்டுக்கு நல்லது, ஆனால் வண்டி பாரமாகும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை உங்கள் பாதையை வைத்து முடிவு செய்யுங்கள்.

பட்டி ஐந்து இடத்தில் மாட்ட வேண்டும்: இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவில் ஒன்று. கைப்பிடியிலிருந்து உங்கள் மணிக்கட்டில் மாட்டும் வார் இல்லாவிட்டால் மலைநாட்டில் அந்த வண்டி வேண்டாம். நிறுத்தும்போது சரிவுக்குக் குறுக்கே நிறுத்தி பிரேக்கைப் போடுங்கள், பிரேக் போட்டாலும் கையை எடுக்காதீர்கள். சாமான் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால், பிள்ளையைத் தூக்கியதும் வண்டி பின்னால் சாயும், கீழ்க்கூடையில் வையுங்கள். வெயிலுக்குத் துவாய் போட்டு மூடினால் உள்ளே காற்று நின்று சூடேறும். மழை மூடியையும் மழை விட்டதும் எடுத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைக் கொண்டுபோங்கள். அதைக் கேரியரில் கட்டி, பத்து நிமிடம் கடைக்குள் நடந்து, குந்தி எழும்பிப் பாருங்கள். தோள் வலித்தால் வாங்காதீர்கள். தனியாகவே மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் உங்களுக்கு உதவிக்கு ஆள் இருக்காது. வண்டியில் அதே அரிசிப் பையை வைத்து, கடை வாசல் சரிவில் பிரேக் போட்டுத் தள்ளிப் பாருங்கள். லேபலில் கேரியருக்கு ஐரோப்பாவின் ஈ.என். 13209 அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2236, வண்டிக்கு ஈ.என். 1888 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 என்ற தர எண் இருந்தால் நல்லது.

யாராவது பாவித்ததைத் தந்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள்; என் வண்டியும் இப்போது நுவரெலியா டவுனில் தோழியின் மகனுக்குத்தான் ஓடுகிறது. ஆனால் கேரியரை எடுத்ததும் ஒவ்வொரு பட்டியின் தையலையும் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், பக்கிளை வெளிச்சத்தில் பிடித்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் கேட்கிறதா கவனியுங்கள். தையல் விட்டிருந்தாலோ பக்கிள் வெடித்திருந்தாலோ பட்டியைக் கத்தரியால் வெட்டிப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு யாராவது எடுத்துப் பிள்ளையைக் கட்டிவிடுவார்கள்.